லட்சுமம்மா சொன்ன ‘காலி’

கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துபோகிறது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால், கிளம்புகிற ஆளின் கை முதலில் எதை எடுத்துப் பைக்குள் போடுகிறது என்று கவனிப்பேன். சூட்டைக் கடத்தப் பூசுகிற தெர்மல் பேஸ்ட் குழாயை எடுத்தால் ஆள் வேலைக்குப் புதுசு. புது பிராசசரையே எடுத்தால் அவன் விற்பனைக்காரன். எதையும் தொடாமல், “எப்பலேர்ந்து இப்படி ஆவுது? அதுக்கு முந்தி வீட்ல யாராவது அதுல கை வெச்சீங்களா?” என்று போனிலேயே கேட்கிறவர் யாரோ, அவருக்கு என் செலவில் டீ.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். டீ வாங்கிக் கொடுக்க வழியில்லாததால் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் நம் சர்வீஸ் சென்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பேஸ்ட்டை எத்தனை சொட்டு வைப்பது, ஸ்க்ரூவை எந்த வரிசையில் முறுக்குவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதைச் செல்வின் சொல்லிக்கொடுப்பான். ஆமாம், காலையில் யார் எந்த ஊருக்குப் போவது என்று உங்களை விரட்டுகிற அதே செல்வின்தான். இந்தக் கதையில் அவனும் வருகிறான். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருப்பான்.

அப்போது அவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. நம் ஊர் அவனுக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. டீக்கடையில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், பஸ்ஸில் தெலுங்கில் ஆரம்பித்த சண்டை கன்னடத்தில் முடியும். “எல்லாரும் ஒரே ஆளுதானா மேடம், இல்ல மாத்தி மாத்திப் பேசுறாங்களா?” என்று கேட்பான். ஆனால் வேலையில் கெட்டி. ஒரு மெஷினைப் பிரித்தால் துடைத்துப் பளிச்சென்று ஆக்காமல் மூடமாட்டான். அதுதான் அன்றைக்கு அவனைக் கவிழ்த்தது.

மே மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. செல்வின் ஒரு நாள் பர்கூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு வந்தான். அந்த வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் கிரானைட் கல்லை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை. அந்தப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், வேலியோரச் செடியெல்லாம் மாவு பூசின மாதிரி வெள்ளையாக இருக்கும். மறுநாள் காலையில் சென்டருக்கு வந்ததும் செல்வின் என்னிடம் கைவிரித்துவிட்டான்.

“அந்த பர்கூர் சிஸ்டத்துல பிராசசரே போயிட்டு மேடம். மொதல்ல டிஸ்க் ஃபுல்லுன்னுல்லா போன்ல சொன்னாங்க. அதான் அவங்க கல்யாண வீடியோவ எல்லாம் வேற டிஸ்க்குல மாத்தி இடம் பண்ணிக் குடுத்தேன். அப்பவும் சூடு ஏறுது. ஹீட் சிங்க்க கழத்தி, துடைச்சு, புது பேஸ்ட் வச்சேன். அப்பவும் ஏறுது. இனி நாம ஒண்ணும் செய்ய முடியாது.”

“டிஸ்க் ஃபுல்லுன்னு யாரு சொன்னது?”

“அந்த வீட்டு அம்மா. உள்ள காலி இல்லப்பா, காலி இல்லப்பான்னு நாலு வாட்டி சொன்னாங்க.”

அதை நான் அப்போது காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மனதில் வாங்கவில்லை. அதற்குள் அந்த வீட்டிலிருந்து மறுபடி போன். இந்த முறை அந்த வீட்டு மருமகள், ஹேமாவதி. குரலே உடைந்திருந்தது. “மேடம், புது பிராசசர் எல்லாம் அப்பறம் பாக்கலாம். இன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்த மெஷின் ஒரே ஒரு வேலைய முடிச்சிக் குடுத்தா போதும். அதுக்கப்பறம் இது எரிஞ்சே போனாலும் பரவால்ல.”

செல்வினை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஹேமாவதி நம் பர்கூரிலேயே இன்ஜினியரிங் படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் அச்சு வடிவமைக்கும் வேலை பார்த்திருக்கிறாள். பிளாஸ்டிக் பொருள் வார்க்கிற இரும்பு அச்சு. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். திரும்பப் போகலாம் என்று பார்த்தால், எந்தக் கம்பெனியிலும் முதல் கேள்வி, “கொழந்தைய யாரு பாத்துக்குவாங்க?” அதோடு சரி, அப்புறம் போனே வராது. கடைசியில் ஓசூரில் அச்சு செய்து தருகிற ஒரு டூல் ரூம்காரர்கள் மட்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் ஒரு பரீட்சை என்றார்கள். ஒரு அச்சின் வரைபடத்தை அனுப்பி, அதில் உருகிய பிளாஸ்டிக் எப்படிப் பாய்கிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, குறையைத் திருத்தி அனுப்ப வேண்டும். அதற்கான மென்பொருளையும் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள், அந்த ஒரு மெஷினில் மட்டும் வேலை செய்கிற மாதிரி. வேறு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை.

நாங்கள் போனபோது பெட்டியின் பக்கவாட்டுக் கதவு கழற்றிவைக்கப்பட்டு, ஒரு டேபிள் ஃபேன் அதன் வயிற்றைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற முதலுதவி. ஹேமாவதி மடியில் குழந்தையுடன் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் லட்சுமம்மா பின்னால் நின்றிருந்தார். காலையிலிருந்து இரண்டு தடவை ஓட்டி, இரண்டு தடவையும் சூடு நூறு டிகிரியைத் தொட்டு டப்பென்று அணைந்திருக்கிறது. அந்த மென்பொருள் பாதியில் நின்றால் பாதியைக் காப்பாற்றிவைக்காது. மறுபடி முதலிலிருந்துதான்.

“திருத்த வேண்டியதெல்லாம் திருத்திட்டேன் மேடம். தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும். இந்த ஓட்டம் முடிஞ்சி ரிசல்ட் வந்தாத்தான் அனுப்ப முடியும். அது முடியவே மாட்டேங்குது.”

“ஒரு நாள் டைம் கேட்டுப் பாக்கலாமே?”

“கேக்க மாட்டேன்.” தலையைப் பலமாக ஆட்டினாள். “கைக்கொழந்தைக்காரின்னு யோசிச்சி யோசிச்சித்தான் இதையே குடுத்தாங்க. இப்ப நான் டைம் கேட்டா, பாத்தியா, நாம அப்பவே நெனச்சோம்னு சொல்வாங்க. அந்தப் பேச்சு எனக்கு வேணாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நானும் ஒரு காலத்தில், “பொம்பளையா வந்திருக்கீங்க? கூட யாரும் வரலியா?” என்று வாசலிலேயே கேட்ட வீடுகளில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தவள்தான்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், காரணம் தெரியாத சூட்டில் முதலில் மெஷினை உயிரோடு வைத்திருங்கள், ஆராய்ச்சியை அப்புறம் செய்யுங்கள். பவர் அமைப்புக்குள் போய் பிராசசரின் வேகத்தைப் பாதிக்குக் குறைத்தேன். மூன்றாவது தடவையாக ஓட்டத்தை ஆரம்பித்தோம். சூடு எண்பத்தெட்டில் வந்து நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செல்வின், “அப்பாடா” என்றான். ஹேமாவதிக்கு முகத்தில் ரத்தமே அப்போதுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மென்பொருள் தன் கணக்கைக் காட்டியது. இந்த வேகத்தில் போனால் முடிய இரவாகிவிடும்.

ஹேமாவதி குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். வேகத்தைக் கூட்டினால் அணைந்துவிடும், கூட்டாவிட்டால் நேரம் தாண்டிவிடும். எனக்கும் பயம்தான். ஆனால் முகத்தில் காட்டவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் நம் முகம்தான் அவர்களுக்குத் தெர்மாமீட்டர், அதை நாமே ஏற்றிவிடக் கூடாது.

குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். எல்லாம் சுத்தம். செல்வின் துடைத்த துடைப்பில் மூஞ்சி தெரிந்தது. பிராசசரின் சூட்டை இழுத்து வெளியே விடுகிற தகட்டு அடுக்கு, அதாவது ஹீட் சிங்க், கம்பெனியிலிருந்து பிராசசரோடு வருகிற சாதாரண வட்டமானது, மேலே உள்ளங்கை அகலத்தில் விசிறி. விசிறி நன்றாகச் சுற்றியது, சத்தமும் சரியாக இருந்தது. கிரானைட் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர், துடைப்பதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் மட்டும் மூளையின் ஓரத்தில் அரித்தது.

“நேத்து நீ தொறக்கறப்ப உள்ள தூசி எவ்ளோ இருந்துச்சி?”

“பெட்டில நெறய இருந்துச்சு மேடம். ஹீட் சிங்க் தகட்டுல மட்டும் ஒண்ணுமே இல்ல. அதான் பாத்துட்டு எனக்கே ஆச்சரியம்.”

“வீட்ல வேற யாராவது இதத் தொறந்தாங்களா?” என்று ஹேமாவதியிடம் கேட்டேன்.

“அவர்தான் போன ஞாயித்துக்கெழம தூசி தட்டினாரு. நான் அன்னிக்கி அம்மா வீட்ல இருந்தேன்.” அவர் என்றது அவள் கணவன் முரளி. போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு ஃபாக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட்டில் இருந்தான். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், ஷிஃப்ட் முடிகிறவரை அவனைப் பிடிக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் லட்சுமம்மா வாயைத் திறந்தார். எங்களிடம் அல்ல, மருமகளிடம், தெலுங்கில், நல்ல கோபத்தோடு. “நேனு அப்புடே செப்தினி கதா! லோபல காலி ஆடலேது அனி!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அம்மா, இன்னொரு வாட்டி சொல்லுங்க. லோபல ஏமி லேது?”

உள்ளே என்ன இல்லை என்று நான் தெலுங்கில் கேட்டதும் அவருக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே! “காலி லேதம்மா, காலி! போன்லயே அந்தத் தம்பிகிட்ட சொன்னேன், உள்ள காலி இல்லப்பான்னு. அது பாட்டுக்கு வந்து கல்யாண வீடியோவ எடுத்துக்கிட்டுப் போவுது!”

தெலுங்கில் காலி என்றால் காற்று. கன்னடக்காரர்களைக் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். உள்ளே காற்று இல்லை என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருக்கிறார். தூத்துக்குடிக் காது அதை இடம் காலியாக இல்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று வாங்கிக்கொண்டது. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. தமிழாகவே எடுத்துக்கொண்டாலும் அந்த வாக்கியத்துக்குச் சரியாகத்தானே அர்த்தம் வருகிறது! செல்வின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“காலி இல்லன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சிது?”

பெட்டிக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் குழந்தையின் துணிகள். வெளியே காயப்போட்டால் கல்லுத் தூசி படிந்து குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிடுகிறதாம். கம்ப்யூட்டரின் பின்பக்கச் சல்லடை வழியாகச் சூடான காற்று வருவதைக் கண்டுபிடித்து, அங்கேயே கயிறு கட்டிவிட்டார். “நல்லாக் காயும்மா. ஒரு வாரமா காயவே இல்ல. கைய வெச்சிப் பாத்தேன், காலியே வரல.”

நீங்கள் என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? செல்வின் உடனே சொன்னான்: “அப்ப நிறுத்திட்டு கழத்திப் பாப்போம் மேடம்.” வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நிறுத்தினால் ஓடின ஓட்டம் போச்சு. கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், இரவு முடிய வேண்டியது நள்ளிரவாகும். பிந்தியாவது அனுப்பலாம் என்று அவளுக்கு இருந்த ஒரு நூலையும் நாமே அறுத்துவிட்டதாக ஆகும்.

மெஷினை நிறுத்தாமல் எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. “அம்மா, சாமி மாடத்துல ஊதுபத்தி இருந்தா ஒண்ணு பத்த வெச்சிக் குடுங்க” என்றேன். லட்சுமம்மா ஏன் என்று கேட்கவில்லை. சாமி மேல் பாரத்தைப் போடுகிறேன் என்று நினைத்திருப்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டே கொண்டுவந்தார்.

டேபிள் ஃபேனை அணைக்கச் சொன்னேன். அது ஊதிக்கொண்டிருந்தால் புகை எதையும் சொல்லாது. அணைத்ததும் சூடு ஏற ஆரம்பித்தது. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. “மேடம், ஏறுது” என்றாள் ஹேமாவதி. “ஏறட்டும், பயப்படாத” என்றேன். புகை கலையாமல் இருக்க முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டேன். அந்த விசிறி மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தகடுகளுக்குள் தள்ள வேண்டும். தள்ளினால் தகடுகளின் பக்கவாட்டில் காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். ஊதுபத்தியைத் தகடுகளுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

புகை அலுங்காமல் குலுங்காமல் நேராக மேலே போனது.

விசிறி அதன் தலைக்கு மேல் கிறுகிறுவென்று சுற்றுகிறது, தகட்டுப் பக்கம் ஒரு பொட்டுக் காற்றில்லை. நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று தெரியாது. ஆனால் இருக்கிறது.

“ஹேமா, நிறுத்திடு.”

“மேடம்...”

“நான் சொல்றேன், நிறுத்து. இப்ப மறுபடி ஆரம்பிச்சா முழு வேகத்துல அஞ்சு மணிக்குள்ள முடியும். இன்னும் கொஞ்ச நேரம் யோசிச்சிக்கிட்டு நின்னா அந்த வழியும் அடைஞ்சிடும். ஆனா மெஷின் உன்னுது, வேல உன்னுது. நீதான் சொல்லணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மவுஸைப் பிடித்து அவளே நிறுத்தினாள். அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். பாதி ஓடின வேலையைத் தன் கையால் அழிப்பதற்கு நெஞ்சில் உரம் வேண்டும்.

மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஹீட் சிங்க்கை அசைக்காமல் அதன் தலையிலிருந்த விசிறியை மட்டும் கொக்கி கொக்கியாக விடுவித்தேன். முதல் நாள் செல்வின் இரண்டையும் ஒரே துண்டாகக் கழற்றி, அடிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துப் பேஸ்ட் வைத்து, அப்படியே ஒரே துண்டாக மாட்டியிருக்கிறான். விசிறியைத் தூக்கியதும் அடியில் வட்டமாக, கத்தரித்து வைத்த மாதிரி, ஒரு சாம்பல் நிறத் துணி. பஞ்சு போன்ற தடித்த துணி. விரல் வைத்தால் கல்லுமாவு அடைத்துப் பாறையாக இருந்தது. இறக்கைகளின் இடுக்கில் பார்த்தால் நிழலோடு நிழலாகத்தான் தெரியும்.

“அட கடவுளே, என்னதிது?” என்றான் செல்வின்.

“இதாண்டா நீ தேடின டிஸ்க்” என்றேன்.

துணியை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தேன். விசிறியை மாட்டினேன். வேகத்தை முழுவதுமாக விடுவித்தேன். ஹேமாவதி நான்காவது தடவையாக ஓட்டத்தை ஆரம்பித்தாள். ஐம்பது, ஐம்பத்தெட்டு, அறுபத்து நாலு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அறுபத்தேழு. அறுபத்தெட்டு. அங்கே போய் எண் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. முழு வேகத்தில், பக்கத்தில் டேபிள் ஃபேன் இல்லாமல்!

செல்வின் குதித்தே விட்டான். லட்சுமம்மா பேரனைத் தூக்கி என்னைப் பார்த்துக் கையசைக்கவைத்தார். எத்தனையோ மெஷின்களைச் சரிசெய்திருக்கிறேன், ஆனால் ஒரு எண் ஏறாமல் நிற்பதை இப்படி ஆசைஆசையாகப் பார்த்தது அந்த வீட்டில்தான்.

ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போது முரளி வந்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, யூனிஃபார்மோடு உள்ளே நுழைந்தவன் முதலில் பார்த்தது ஸ்டூலைத்தான்.

“அய்யய்யோ, அது நான் போட்ட ஃபில்டராச்சே! யாரு எடுத்தது?”

அடுத்த நொடி லட்சுமம்மா மகனைத் தெலுங்கில் வெளுத்து வாங்கினார். அதை இங்கே எழுதினால் என்னைத் திட்டுவீர்கள். அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது நான் நடுவில் புகுந்தேன்.

“எதுக்குப்பா இத உள்ள வெச்ச?”

“எங்க பிளான்ட்ல எல்லா கரண்ட் பேனல்லயும் விசிறிக்கு முன்னால இந்த மேட் இருக்கும் மேடம். தூசி போச்சின்னா மெஷினே நின்னுடும். நான்தான் மாத்துவேன். இங்க கல்லுத் தூசி அப்பிடியே கொட்டுது. இவ பரீட்சை வேற வருது. நடுவுல நின்னுடக் கூடாதுன்னுதான் அளவெடுத்து வெட்டிப் போட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள் ஹேமாவதி.

“சொன்னா வேணாம்ப. நல்லா ஓடினப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளால் கோபப்படவும் முடியவில்லை. பொண்டாட்டி பரீட்சையில் ஜெயிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொக்கி கொக்கியாகப் பிரித்து வைத்திருக்கிறான் மனுஷன். அந்த வட்டத்தை வெட்டியிருந்த சுத்தத்தை நான் இன்றுவரை வேறு எவனிடமும் பார்த்ததில்லை.

“வேல சுத்தம் முரளி, இடம்தான் தப்பு” என்றேன். “உன் பேனல்ல விசிறி எவ்ளோ பெரிசு? அந்த மேட் எவ்ளோ அகலம்? அழுக்கானா நீயே மாத்தற. இது உள்ளங்கை அளவு. இதுக்கு இருக்கற மூச்சே கொஞ்சம், அதும் வாயில துணிய வெச்சிட்ட.”

அவனுக்கு ஒரு தடவை சொன்னதே போதும். ஓட்டம் முடிந்ததும் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றுவதாகவும், அகலமான மேட்டாகப் பெட்டியின் முன்பக்கம் முழுவதுக்கும் வெளியே போட்டு, வாராவாரம் துவைத்துவிடுவதாகவும் அவனே சொன்னான். செல்வின் அவனோடு சேர்ந்து அளவெடுக்க ஆரம்பித்துவிட்டான். காலையில் ஒன்றும் செய்ய முடியாது என்றவன் அவன்தான்.

இங்கே கொஞ்சம் நின்று உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு ஃபாக்டரியில் இருப்பார். கிரீஸ் பூசத் தெரிந்தவர், சீல் போடத் தெரிந்தவர், கம்ப்ரெசர் காற்றில் ஊதத் தெரிந்தவர். தாங்கள் தினமும் சரியாகச் செய்கிற ஒன்றை அன்பாக வீட்டு மெஷினிலும் செய்துவிடுவார்கள். அது உடைத்த மாதிரியோ கெடுத்த மாதிரியோ இருக்காது, ஒழுங்கான வேலையாக இருக்கும். அதனால் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். தூசியைத் தேடுகிற கண், அளவெடுத்து வைத்ததைத் தேடாது. ஆகவே அந்த வீட்டில் யார் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். வாயில் எந்த மொழி வந்தாலும், புரியவில்லை என்றால், “என்னம்மா சொன்னீங்க?” என்று இன்னொரு தடவை கேளுங்கள். அதற்கு வெட்கப்படுகிறவருக்கு இந்த மாவட்டத்தில் சர்வீஸ் வேலை சரிப்படாது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டம் முடிந்தது. ஹேமாவதி முடிவைத் திறந்து ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி வந்திருக்கிறது என்று அவள் உதட்டோரம் சொன்னது. அனுப்பினாள். முரளி தன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து நெட் கொடுத்தான். எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டுகிற பச்சைக் கோடு கடைசியில் நின்று நின்று எங்கள் உயிரை எடுத்தது. பிறகு போய்ச் சேர்ந்தது.

நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஓசூரிலிருந்து போன் வந்துவிட்டது. டூல் ரூமில் வடிவமைப்புப் பிரிவை நடத்துகிற ஆள். ஹேமாவதி ஸ்பீக்கரில் போட்டாள். போனை மேஜையில் வைத்துக்கொண்டாள். அவர் அவளுடைய திருத்தங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் அந்த இடத்தில் பிளாஸ்டிக் நுழையும் வாயைப் பெரிதாக்கினீர்கள், ஏன் இந்த மூலையை வளைத்தீர்கள் என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் காலையில் போனில் கேட்ட குரல் அல்ல.

கடைசியில் அவர் கொஞ்சம் தயங்கினார். “வேல நல்லா இருக்கும்மா. ஆனா இது சின்ன அச்சு. எங்களுக்கு வர்றதெல்லாம் பெரிசு பெரிசா வரும், மணிக்கணக்கா ஓட்டணும். வீட்டு சிஸ்டம், வீட்ல சின்னக் கொழந்த வேற... தாங்குமான்னு யோசிக்கறேன்.”

முரளி ஏதோ சொல்ல வாயெடுத்தான். லட்சுமம்மா அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஹேமாவதி நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மெஷினும் தாங்கும் சார், நானும் தாங்குவேன். மொத டிராயிங் எப்ப அனுப்பறீங்க?”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “நாளைக்கிக் காலைல அனுப்பறேன்மா. ரெடியா இருங்க.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். சர்வீஸுக்குப் போன வீட்டில் நான் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.